கிழக்கே ஐந்து கயிறு

தகரப்பெட்டிக்குள் கயிறு இல்லை. கிருஷ்ணவேணி அடிவரைக்கும் கைவிட்டுத் துழாவினாள். ரயில்வே கம்பளி, பென்சன் புத்தகம், சாக்குத்துணியில் முடிந்துவைத்த ஓட்டாஞ்சில்லுகள், நீல அட்டை போட்ட நோட்டு. எல்லாம் இருந்தது. முன்கட்டில் ஒப்பாரி ஒரு சுற்று முடிந்து, அடுத்த சுற்றுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"யக்கா, இங்கன உக்காந்து என்னத்தத் தேடுதீங்க? வெளிய ஒங்களக் கேக்காவ."

கொழுந்தன் பெண்டாட்டி வேலுத்தாய் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கயிறு."

வேலுத்தாய் பதறிப்போய் உள்ளே வந்து அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "என்ன பேச்சுக்கா இது? நாங்கள்லாம் இல்லியா ஒங்களுக்கு?"

"ஏட்டி, கைய விடு. அந்தக் கயிறு இல்ல. ஒங்க அத்தான் அளக்குற கயிறு."

அது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய காக்கிக் கோட்டுப் பையில் இருந்தது. ஆறு அடி நீளம். இரண்டு நுனியிலும் முடிச்சு. நடுவில் சிவப்பு நூல் சுற்றிய அடையாளம். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். இப்போது கரிசல் மண்ணின் நிறம்தான் அதற்கு நிறம். கிருஷ்ணவேணி அதைச் சுருட்டி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள். கோட்டில் இன்னும் அவர் வியர்வை வாசம் இருந்தது. அதிகாலையில், குருவிகள் சத்தம் போட ஆரம்பித்த நேரத்தில், பூவனலிங்கத்துக்கு மூச்சு நின்றிருந்தது. பக்கத்தில்தான் இருந்தாள். நின்றது எந்த மூச்சு என்று அவளுக்கே தெரியவில்லை. அடுத்த மூச்சுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள், அவ்வளவுதான்.

வெளியே பங்குனி வெயில் அதற்குள் ஏறிவிட்டது. பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தில் கடப்பாரையையும் மண்வெட்டியையும் சாத்திவிட்டுக் கருத்தையா நின்றான். ஊரில் குழி வெட்டுகிறவன் அவன். சாவு வீட்டில் வந்து இடம் கேட்டுவிட்டுத்தான் வெட்டப் போவான்.

"இதுல கேக்க என்ன இருக்கு?" என்றான் அழகிரிசாமி. பூவனலிங்கத்தின் தம்பி. காலையில் கிடையிலிருந்து அப்படியே ஓடிவந்தவன். வேட்டியில் ஆட்டு ரோமம் ஒட்டியிருந்தது. "எங்கய்யாவுக்கு அடுத்து எங்க சித்தப்பா. சித்தப்பாவுக்கு அடுத்து அண்ணன். வரிசை அங்கனதான நிக்குது."

"அங்கன இல்ல," என்றாள் கிருஷ்ணவேணி.

பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கயிற்றைக் கருத்தையாவிடம் நீட்டினாள். பால்வாடியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த குரல் அவளுக்கு. மெதுவாகவும் தெளிவாகவும் வந்தது.

"அரமனைப் பின்மதில் இருக்குல்லா, அதுல ரெண்டே ரெண்டு எடந்தான் சாயாம நிமிந்து நிக்கும். அந்த ரெண்டுக்கும் நடுமத்தியில நின்னுக்கிடுங்க. அங்கனருந்து நேர் கெழக்க இந்தக் கயித்தால அஞ்சு கயிறு. அஞ்சாவது கயிறு முடியுற எடந்தான் குழிக்குக் கெழக்கு ஓரம்."

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த சுடலையம்மாள்கூட வாயைத் திறந்தபடி நிறுத்திவிட்டாள்.

"செத்த பொறவும் சர்வே எடுக்கணுமா எங்கண்ணனுக்கு?" என்றான் அழகிரிசாமி. யாரோ சிரித்துவிட்டு, துண்டால் வாயை மூடிக்கொண்டார்கள். சொன்னவனுக்கே கண் நிறைந்துவிட்டது.

"அவிய சொன்ன எடம் அது. ரெண்டு மாசத்துக்கு முன்ன, நெனவோட இருக்கையில சொன்னாவ."

கருத்தையா கயிற்றை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். "சொன்னாவன்னா சரிதான்க்கா," என்று கடப்பாரையை எடுத்தான்.

பூவனலிங்கம் ரயில்வேயில் கீமேனாக இருந்தவர். மணியாச்சிப் பக்கம் தினமும் ஏழெட்டு மைல் தண்டவாளத்தோடு நடந்து, தளர்ந்த ஆணியைச் சுத்தியலால் தட்டி இறுக்குகிற வேலை. முப்பது வருஷம் தரையைப் பார்த்தே நடந்தவருக்கு ஓய்வுபெற்ற பிறகும் தலை நிமிரவில்லை. ஊருக்குக் கிழக்கே பாழடைந்து கிடந்த அரண்மனையின் மதிலோரமாக நடப்பார். அரண்மனை என்பது பெயர்தான். சின்ன ஜமீன், பெரிய வீடு. ஆட்கள் போய் ஐம்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அவர்கள் இருந்தவரை வெகுதூரம் கிழக்கே இருந்த இடுகாடு, அவர்கள் போன பிறகு ஒவ்வொரு குழியாக மேற்கே நகர்ந்து பின்மதிலை நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் வந்து சொன்னார்: "வேணி, கரிசல் மண்ணு சும்மா கெடக்காது. மழையில பொங்கும், வெயில்ல வெடிக்கும். மேல எதக் கட்டுனாலும் ஆட்டிரும். அந்த மதிலும் பாம்பு மாதிரிதான் வளஞ்சி கெடக்கு. ஆனா ரெண்டு எடத்துல மட்டும் நிமிந்து நிக்குது. ஏன்? அந்த ரெண்டு எடத்துல மட்டும் அதுக்குக் கீழ வேற ஏதோ இருக்கு."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு களைக்கொத்தும் பழைய பெயிண்டு வாளியும் எடுத்துக்கொண்டு போவார். பின்முற்றத்தில், தளக்கல் பெயர்ந்த இடத்தில், இடுப்பளவு தோண்டியபோது சுவர் தட்டுப்பட்டது. சுண்ணாம்பு பூசாத, மண் வைத்து அடுக்கிய கல்சுவர். அரண்மனைச் சுவர்களெல்லாம் நேர்கோடு. இது மட்டும் வளைந்து போனது. அரண்மனையின் அஸ்திவாரம் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. சுவருக்கு உள்பக்கம் கைப்பிடி கனத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு படிவு, பாறை மாதிரி இறுகி. அது என்னவென்று அவருக்கும் தெரியவில்லை. மதியம் அவள் சோறு கொண்டுபோனபோது, கைகழுவிய தண்ணீர் கொஞ்சம் அதன்மேல் விழுந்தது.

ஆட்டு வாசனை வந்தது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுற்றிலும் ஒரு ஆடு இல்லை. உச்சி வெயில், இடிந்த சுவர்கள், தூரத்தில் பருத்திக்காட்டின் மேல் நெளிகிற கானல். அந்த நடுவில், ஈரம்பட்ட பழைய புழுக்கையிலிருந்து வாசனை எழும்பி அவர்களைச் சுற்றி நின்றது. இப்போதுதான் மந்தை எழுந்து மேய்ச்சலுக்குப் போனதுபோல. ஆட்டுக்கார வீட்டில் பிறந்தவர் அவர். மண்ணில் மண்டியிட்டு, கண்ணை மூடி, வெகுநேரம் அப்படியே இருந்தார். எத்தனை வருஷத்து ஆடு என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. "அரமனைக்கு முன்ன," என்றார். "ரொம்ப முன்ன."

தண்டவாளத்தின் வளைவை ரயில்வேக்காரர்கள் கயிற்றால்தான் அளப்பார்கள். இரு நுனியையும் வளைவில் ஒட்டிப் பிடித்தால் நடுவில் கயிறு விலகி நிற்கும். அந்த இடைவெளி எவ்வளவு என்று தெரிந்தால், வளைவு எவ்வளவு பெரிய வட்டத்தின் துண்டு என்று சொல்லிவிடலாம். ஒரு நுனியை அவர் பிடித்துக்கொண்டு, மறுநுனியைக் கல்லால் அழுத்தி, நடு இடைவெளிக்குள் அவளை விரல்விடச் சொன்னார்.

"எனக்கெதுக்கு? நீங்களே விடுங்களேன்."

"என் வெரலு சுத்தியல் பிடிச்ச வெரலு. ஒண்ணொண்ணு ஒரு தினுசு. ஒனக்குச் சாக்பீசு பிடிச்ச வெரலு. கணக்குக்கு ஒத்து வரும்."

மூன்று விரல் போயிற்று. மூன்றுக்கு மேல் ஒரு நெல்லுக்குக்கூட இடமில்லை. நோட்டில் அவள் கையெழுத்தில்தான் அது இருந்தது: ‘ஆறு அடிக் கயிறு. நடுவில் மூன்று விரல்.’ அதை வைத்து அவர் வட்டம் போட்டார். வட்டத்தில் பாதி முற்றத்தில் வந்தது. மீதி மதிலைத் தாண்டி இடுகாட்டுக்குள் போனது. மதில் நிமிர்ந்து நின்ற இரண்டு இடங்களும் வட்டத்தின்மேல் சரியாக உட்கார்ந்தன. வட்டத்தின் மறுபக்கம், மதிலிலிருந்து நேர் கிழக்கே ஐந்து கயிறு.

"இதுதான் இந்த ஊர்ல மொத மொதக் கட்டுன கட்டடம். ஆட்டுப்பட்டி. அரமனை இதும்மேலதான் மொளச்சிருக்கு," என்றார்.

இந்தப் பேச்சு டீக்கடைக்குப் போய், அங்கிருந்து கோவில்பட்டிக்குப் போயிற்று. ஜமீன் வாரிசு ஜெயகிருஷ்ணன் அங்கே தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தார். ‘ஆட்டுப்பட்டி ஜமீன்’ என்று யாரோ அவர் காதுபடச் சொல்லிவிட்டார்கள். மறுநாளே கார் வந்து நின்றது.

"ஒம்ம வீட்டுப் பெருமைய எங்க வீட்டுக்கு அடியில கொண்டாந்து புதைக்காதீரும்," என்றார். "அது பழைய கெணறா இருக்கும். இல்ல, குதிர லாயமா இருக்கும். வளஞ்ச சுவரு நாலடி பாத்துட்டு வட்டம்னு எப்படிச் சொல்லுதீரு?"

"அந்தப் பக்கம் தோண்டுனா தெரிஞ்சிரும் மொதலாளி."

"சுடுகாட்டத் தோண்டுவீரோ?"

முற்றத்துக்குப் பூட்டு விழுந்தது. வாசலில் வேலிமுள் வெட்டிப் போட்டார்கள். அதன்பிறகு பூவனலிங்கம் மதிலுக்கு வெளியே நின்று இடுகாட்டைப் பார்ப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சோற்றுக்கு மூன்றுதரம் கூப்பிட்டும் வராமல் அங்கே நின்றவரிடம் கிருஷ்ணவேணி சொல்லிவிட்டாள்: "இல்லாத சுவத்தக் கட்டிக்கிட்டு இன்னும் எத்தன நாளு நிப்பீங்க?"

அவர் வந்து சாப்பிட்டார். அன்றிலிருந்து நோட்டு எழுத அவளைக் கூப்பிடவில்லை. கடைசிப் பக்கங்களில் இருப்பது அவருடைய கோணல் எழுத்து.

படுத்த படுக்கையான பிறகுதான் ஒருநாள், அவள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது, சுவரைப் பார்த்துச் சிரித்தார். "சும்மா தோண்டுனா விடமாட்டாங்க. குழின்னா விடுவாங்கல்லா, வேணி?"

மணி பதினொன்றுக்கு ஜெயகிருஷ்ணன் வந்தார். கையில் பெரிய ரோஜாமாலை. உடம்புக்கு மாலை போட்டுவிட்டு, கொஞ்சநேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அழகிரிசாமி அவரிடம் போய்த் தணிந்த குரலில், "மதிலுக்குப் பக்கத்துல வெட்டுதாங்க. மதினி சொல்லிட்டாவ. மொதலாளி தப்பா நெனச்சுக்கிடப்பிடாது," என்றான்.

"மதிலுக்கு எவ்வளவு பக்கத்துல?"

"அஞ்சு கயிறு."

ஜெயகிருஷ்ணனுக்குப் புரிந்துவிட்டது என்று கிருஷ்ணவேணி பார்த்ததும் தெரிந்துகொண்டாள். அவருடைய முகம் முதலில் கடுத்தது. பிறகு மாலைக்கு நடுவில் சின்னதாகத் தெரிந்த அந்த முகத்தை ஒருதரம் பார்த்தார்.

"பெரிய ஆளுய்யா நீரு," என்று பிணத்திடம் சொன்னார். அழகிரிசாமியிடம் திரும்பி, "பொறம்போக்குதான. எனக்கென்ன," என்றார்.

குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவந்தார்கள். வேலுத்தாய் அரப்பும் சீயக்காயும் கரைத்தாள். எல்லாம் யாருக்கோ நடப்பதுபோல் நடந்தது. கிருஷ்ணவேணிக்குக் கண் திறந்திருந்தது. ஆனால் அவள் அங்கே இல்லை. இடுகாட்டில் கருத்தையாவின் கடப்பாரை இறங்குவதை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அங்கிருந்து இங்கே சத்தம் வராது. ஆனாலும் கேட்டது. முழங்கால் அளவு. வெறும் கரிசல். இடுப்பளவு. வெறும் கரிசல். அவர் கணக்கு தப்பாக இருந்தால்? கிணற்றுச் சுவராக இருந்திருந்தால்? ஐந்து வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளும் அந்த வெறும் மண்ணுக்குள் போய்விடும். கூடவே, ‘இல்லாத சுவரு’ என்று அவள் சொன்ன அந்த ஒரு சொல் மட்டும் உண்மையாக நின்றுவிடும்.

கருத்தையா வந்தபோது அவன் கால்கள் முழங்கால்வரை கறுப்பாக இருந்தன. பந்தல் ஓரத்தில் நின்று, "அழகிரியண்ணே," என்று கூப்பிட்டான். "கெழக்கு ஓரத்துல கல்லு தட்டுது. நெம்பி எடுத்துரட்டா?"

"எடுத்துருலே. இதையும் வந்து கேப்பியா?"

"எடுக்காதீங்க!" கிருஷ்ணவேணி எழுந்தே விட்டாள். "ஒத்தக் கல்லா, வரிசையா?"

"வரிசைதான்க்கா. கட்டி வச்சாப்ல இருக்கு. கல்லே கரையா நிக்குது, எனக்கு அந்தப் பக்கம் வெட்டுற வேலையே இல்ல."

"நேரா போகுதா, வளஞ்சு போகுதா?"

கருத்தையா அவளைப் பார்த்தான். தாலி கழுத்தோடு, தலை கலைந்து, வெறும் வாயில் எதையோ மென்றுகொண்டு நின்ற அந்தப் பொம்பளையை. அவனுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் அவள்தான் ‘அ’ எழுதப் பழக்கினாள்.

"வளஞ்சுதான்க்கா இருக்கு," என்றான். "நல்லா வளஞ்சு இருக்கு."

கொஞ்சம் சீக்கிரமாகச் சொல்லிவிட்டான். ஒரு இரக்கம் அந்தக் குரலில் இருந்தது. கிருஷ்ணவேணி மறுபடி உட்கார்ந்தாள். இன்றைக்கு இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் வளைந்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அழகிரிசாமி சொல்வான். வேலுத்தாய் பார்க்காமலே சொல்வாள். பொம்பளைகள் இடுகாட்டுக்குப் போவதில்லை. போய்ப் பார்த்துவர அவளுக்கு வழியில்லை.

பொய் சொல்லத் தேவையில்லாத ஒரு ஆள் அங்கே இருந்தார். பந்தலின் ஓரத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு.

கிருஷ்ணவேணி அவர்முன் போய் நின்றாள். "ஒரு ஒதவி."

ஜெயகிருஷ்ணன் எழுந்துகொண்டார். "சொல்லுங்க டீச்சர்."

"நீங்க குழிக்குப் போவீங்கல்லா. அவியள உள்ள வைக்கதுக்கு முன்ன, அந்தச் சுவத்தோட உள்மொகத்துல கயித்தோட ரெண்டு நுனியையும் ஒட்டிப் பிடிக்கச் சொல்லுங்க. நடுவுல, செவப்பு நூலு இருக்குற எடத்துல, கயித்துக்கும் கல்லுக்கும் எம்புட்டு எடவெளின்னு பாத்துட்டு வாங்க. எடவெளி இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க."

அதற்குள் சங்கு ஊத ஆரம்பித்துவிட்டார்கள்.

தெரு முடிந்து ஓடைப்பாலம் வருகிற இடத்தில் பொம்பளைகள் நின்றுவிட்டார்கள். பாடை மட்டும் பாலத்தைத் தாண்டிப் போனது. கானலில் ஆட்களின் கால்கள் கரைந்து, பாடை தானாக மிதந்து போவதுபோல் இருந்தது. நிலமெல்லாம் வெடித்துக் கிடந்தது. அந்த வெடிப்புகளுக்குக் கீழே ஈரம் இருக்கும் என்று அவர் சொல்வார். கையை விட்டால் குளிரும் என்பார். அரண்மனையின் பின்மதில் தூரத்தில் வளைந்து வளைந்து ஓடியது. இரண்டு இடத்தில் நிமிர்ந்து நின்றது. அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மந்தை அடைந்து நிற்பதாகவும், வெள்ளையும் கறுப்புமாக முதுகுகள் நெருங்கி அசைவதாகவும் அவளுக்குத் தெரிந்தது. மணிச்சத்தம்கூடக் கேட்டது. வேலுத்தாய் தோளைத் தொட்டு, "வாங்கக்கா, வெயிலு," என்றபோது, அங்கே ஆட்கள் மட்டும்தான் நின்றார்கள்.

வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு கிருஷ்ணவேணி முன்கட்டில் சுவரில் சாய்ந்திருந்தாள். ஆண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். வாசலில் காலைக் கழுவிக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் தங்கள் தங்கள் வீட்டுக்குப் போனார்கள். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை.

ஜெயகிருஷ்ணன் கடைசியாக வந்தார். வெள்ளை வேட்டி முழங்கால்வரை கறுத்திருந்தது. இரண்டு முட்டியிலும் கரிசல் அப்பியிருந்ததைக் கிருஷ்ணவேணி பார்த்தாள். குழிக்குள் அவரே இறங்கியிருக்கிறார்.

"கருத்தையா ஒரு நுனி. நான் ஒரு நுனி," என்றார்.

அவள் காத்திருந்தாள்.

"வெரல விட்டுப் பாத்தேன். என் வெரலுக்கு ரெண்டு போயி, மூணாவது நொழையல." மோதிரம் போட்ட தடித்த விரல்களை அவரே ஒருதரம் பார்த்துக்கொண்டார். "என் வெரலு கணக்குக்கு ஒத்து வருமோ என்னமோன்னு..."

சட்டைப்பையிலிருந்து ஒரு வேப்பங்குச்சியை எடுத்தார். சுண்டுவிரலிலும் சின்னது. இரண்டு நுனியும் பச்சையாக, இப்போது ஒடித்த ஈரத்தோடு இருந்தன. இடைவெளிக்குச் சரியாக ஒடித்திருக்கிறார்.

அதை அவள் கையில் வைத்தார். சுருட்டிய கயிற்றையும் பக்கத்தில் வைத்தார்.

"அவிய சுவத்துக்கு உள்பக்கமா, வெளிப்பக்கமா?" என்று கேட்டாள் கிருஷ்ணவேணி.

"உள்ளதான்," என்றார் ஜெயகிருஷ்ணன். "சுவர ஒட்டி. ஒரு கல்லக்கூட எடுக்க விடல."

அவர் வாசலில் இறங்கினார். வாளித் தண்ணீரில் காலைக் கழுவினார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

வெயில் தாழ்ந்திருந்தது. அழகிரிசாமியின் ஆடுகள் தெருவழியாகப் போகிற புழுதி வாசலுக்கு வந்தது. கிருஷ்ணவேணி உள்ளே போய், திறந்தபடியே கிடந்த தகரப்பெட்டியிலிருந்து நீல நோட்டை எடுத்தாள். தன் கையெழுத்தில் இருந்த பக்கத்தைத் தேடிப் பிரித்தாள். குச்சியை அதன்மேல் வைத்து, பக்கத்தில் ஆள்காட்டி விரலை வைத்தாள். அதையொட்டி நடுவிரல். அதையொட்டி மோதிர விரல். குச்சி அதோடு முடிந்தது.

வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

பிறகு குச்சியை அங்கேயே விட்டு நோட்டை மூடினாள். அது முழுதாக மூடவில்லை. நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது.